பேச்சு நின்றுபோன வகுப்பு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் முழுவதும் எங்களுக்கு மார்ஜின் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். இடப்பக்கம் நான்கு சென்டிமீட்டர், மேலே இரண்டு, சிவப்பு மையில் ஒற்றைக் கோடு. தலைப்புக்கு நீலம், உள்தலைப்புக்குக் கறுப்பு. வெள்ளை மை தடவி அழிக்கக் கூடாது. ஒரு சொல் பிழைத்தாலும் தாள் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் நான் எழுதிய லெசன் பிளான்களை அடுக்கினால் என் இடுப்பு உயரத்துக்கு வரும். அவற்றில் ஒன்றைக்கூட எந்தக் குழந்தையும் பார்த்ததில்லை. பார்த்தவர் ஒருவர்தான், எங்களுக்கு வழிகாட்டியாகப் போடப்பட்டிருந்த மேடம். அவரும் ஸ்கேலை வைத்துத்தான் பார்த்தார்.

கோபத்தோடு எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆறப்போட்டு எழுதலாம் என்று சில வருடங்கள் காத்திருந்தும் பார்த்துவிட்டேன். ஆறவில்லை.

எங்கள் வீடு கோலார் பக்கம் மாரிகுப்பத்தில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் ஒன்று. அப்பா காலை ரயிலில் பெங்களூர் போய் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறவர். நான் கணிதத்தில் பட்டம் முடித்ததும், பெங்களூரிலேயே எனக்கும் ஒரு வேலை பார்க்கலாம் என்று அம்மா சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த ஊர்ல இருந்த எல்லாத்தையும் எட்த்துக்கினு பூட்டாங்க. நீயாவது இங்கயே இருந்து புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரையில் தெரிந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு டீச்சருக்குப் படிக்கிது" என்று சொல்லிவைத்தார். படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே எங்கள் லைனில் நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

எங்கள் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். ஆண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் ஒருவர் ஆண்டர்சன்பேட்டைக்காரர், என்னைவிட ஐந்து வயது பெரியவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க போனில் பேசும் வேலையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப்போய், அதுதான் தனக்குப் பிடித்த வேலை என்று கண்டுகொண்டு, கம்பெனியை விட்டுவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். முதல் வருடம் அவர் பேசாத நேரமே கிடையாது. மதியச் சாப்பாட்டில் ஒரு கணக்கைப் போட்டு, யார் எப்படிச் செய்கிறோம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

கல்லூரி எங்களை இரண்டாகப் பிரித்து வேலை வாங்கியது. விழாவோ பார்வையிட வரும் குழுவோ எதுவானாலும் பெண்கள் கோலம் போட வேண்டும், புடவை கட்டிக்கொண்டு தட்டோடு வாசலில் நிற்க வேண்டும், கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் அலுவலகப் பதிவேடுகளைப் பிரதி எடுக்க வேண்டும். ஆண்கள் பெஞ்சு சுமக்க வேண்டும், சுவரில் படம் மாட்ட வேண்டும், பேச்சாளரை பங்காருப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர வேண்டும். ஆண்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் அந்த வேலை முழுவதும் அந்தச் சிலர் தலையில் விழுந்தது. இதெல்லாம் முடிந்தபிறகுதான் மார்ஜின்.

இரண்டாம் வருடம் இன்டர்ன்ஷிப். என்னையும் அண்ணாவையும் எங்கள் ஊரிலேயே பாலகாட் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் போட்டார்கள். அங்கே இருக்கும் ஆசிரியர்களுக்கு உதவியாக இருந்து வகுப்பெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏட்டில் இருந்தது. பள்ளியில் தலைமை ஆசிரியையோடு சேர்த்து மூன்று பேர்தான். ஒருவருக்குப் பயிற்சி வகுப்பு, இன்னொருவருக்குக் கணக்கெடுப்பு வேலை என்று போய்விடுவார்கள். தலைமை ஆசிரியை அறையில் ஏதோ ஒரு பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பார். நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரமே ஒன்று முதல் ஏழு வரை எல்லா வகுப்புகளும் எங்கள் இருவர் கையில் இருந்தன. இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம், சத்துணவு நேரத்தில் வரிசை, பால் ஊற்றுவது, மூக்கில் ரத்தம் வந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடுவது, எல்லாம் நாங்கள்தான். காற்றடிக்கும் மாதங்களில் சுரங்கக் கழிவைக் கொட்டிய சைனைட் மேட்டு மண் வந்து கரும்பலகையில் படியும் என்பதால் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் கத்துவோம்.

இருந்தும் அந்த நாட்களில் ஒரு நல்ல பாடத்தை என் கண்ணால் பார்த்தேன். ஏழாம் வகுப்புக்கு அண்ணா மைனஸ் எண்கள் எடுத்தார். பள்ளி கன்னட மீடியம். பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அவர் கன்னடத்தில் தொடங்கி, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். கரும்பலகையில் சுரங்கக் குழிபோல் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார்.

"இது ஷாஃப்ட்டு. மேல தரை. தரைதான் ஜீரோ. ஆளுங்க ஏறுற கேஜ் கீழ எறங்குது. ஒண்ணாவது லெவல் மைனஸ் ஒண்ணு. பத்தாவது லெவல்?"

"மைனஸ் பத்து!"

"அங்கேர்ந்து மூணு லெவல் மேல ஏத்தினா?"

தாத்தாக்கள் வாயில் மட்டும் லெவலையும் கேஜையும் கேட்டிருந்த அந்தப் பிள்ளைகள், எந்தச் சுரங்கத்திலும் கால் வைக்காதவர்கள், பெஞ்சில் ஏறி நின்று பதில் சொன்னார்கள். இரண்டு மைனஸைக் கூட்டுவதை அவர் சொல்லாமலே ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். நான் ஆறாம் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று கல்லூரி மேடமும் வந்திருந்தார், கடைசி பெஞ்சில், மதிப்பெண் தாளோடு. வகுப்பு முடிந்ததும் அவர் கேட்டது இது: "பிளான்ல தெர்மாமீட்டர் உதாரணம்னு எழுதிக்கீறே. கிளாஸ்ல வேற சொல்றே. அப்ப பிளான் எதுக்கு?"

"புள்ளைங்களுக்குத் தெர்மாமீட்டர் புரியல மேடம். ஒடனே மாத்திக்கினேன்."

"ஒடனே மாத்தறதுக்குப் பேரு பிளானா? ஆரம்பம் அஞ்சு நிமிஷம்தான் இருக்கணும். நீ பன்னெண்டு நிமிஷம் எடுத்தே."

அந்தப் பாடத்துக்கு அண்ணாவுக்குத்தான் எங்கள் குழுவிலேயே மிகக் குறைந்த மதிப்பெண். கூடவே, அந்த அலகு முழுவதற்கும் பிளான்களைத் தெர்மாமீட்டர் உதாரணத்தோடு திரும்ப எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. அவர் எழுதினார். பள்ளி மதிய இடைவேளையில், ஒரு கையில் சோற்று டப்பாவோடு எழுதுவார். சாப்பாட்டில் கணக்குப் போடுவது அத்தோடு நின்றது.

என் கதையும் ஒழுங்காக இல்லை. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. காலையில் கண் திறந்ததுமே, இன்றைக்கு என்ன எழுதவில்லை என்றுதான் முதல் நினைப்பு. குழந்தைகள் 'மிஸ்' என்று கூப்பிட்டால் எரிச்சலாக வந்தது. நான் குழந்தைகளுக்காகத்தானே இந்தப் படிப்புக்கு வந்தேன், எனக்கு ஏன் அவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்று பயந்துபோனேன். யாரிடம் சொல்வது? லைனில் எல்லாருக்கும் நான் ஏற்கெனவே டீச்சர்.

சனிக்கிழமைகளில் கல்லூரிக்குப் போய் ரெக்கார்டுகளில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மேடம் என்னுடைய நோட்டைப் புரட்டி, 'கற்றல் விளைவுகள்' என்ற பகுதியை 'நோக்கங்கள்' பகுதிக்கு முன்னால் எழுதிவிட்டேன் என்று பதினோரு பக்கங்களில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் நின்று விசித்து விசித்து அழுதேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "பொண்ணுங்களுக்கு இது ஒண்ணு. ஒடனே கண்ல தண்ணி. நாளைக்குக் கல்யாணமாயி மாமியார் வூட்ல இன்னா பண்ணுவே?"

வெளியே வந்தபோது அண்ணா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "அழுதுட்ட இல்ல, பரவால்ல வுடு. எனுக்கு அதுகூட வரமாட்டேங்குதும்மா" என்றார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தன் நிலைமையைச் சொல்கிறார் என்று அப்போது உறைக்கவில்லை. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட். நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"மிஸ், சார் பேசவே மாட்டேன்றாரு."

"இன்னா பண்றீங்க நீங்க? சத்தம் போட்டீங்களா?"

"இல்ல மிஸ். நாங்க யாரும் எதுவும் பண்ல. வாங்க மிஸ்."

போய்ப் பார்த்தேன். முப்பது பிள்ளைகள் இருந்த வகுப்பில் அப்படியொரு அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அண்ணா கரும்பலகையைப் பார்த்து நின்றிருந்தார். தேதி எழுதியிருந்தார், பாடத்தின் பெயர் எழுதியிருந்தார். அதன் கீழே ஒன்றுமில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது. பக்கத்தில் போய், "அண்ணா, இன்னா ஆச்சு?" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, வியர்த்துக் கொட்டியது, வார்த்தை வரவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் அழத் தொடங்கினான். பிள்ளைகள் கணக்குப்படி கால் மணி நேரத்துக்கு மேல் அவர் அப்படி நின்றிருக்கிறார்.

நான் சாக்பீஸை வாங்கி வைத்துவிட்டு அவரைத் தலைமை ஆசிரியை அறைக்குக் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் பதறிப்போய் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கன்னடத்தில் "மனெகெ ஹோகப்பா, மனெகெ ஹோகு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்குப் போ என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஆட்டோ வரும்வரை தலைமை ஆசிரியை அண்ணாவின் அருகிலேயே நின்றார். அவரால் முடிந்தது இரண்டு நாள் வருகையைப் போட்டுக் கொடுப்பதுதான். அதற்குமேல் அவருக்கும் பயம்.

அண்ணா மறு வாரமும் வரவில்லை. நான் அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "வாங்க, உள்ள வாங்க. சாப்புட்றான், தூங்குறான், ஒரு வார்த்த பேச மாட்றான். நல்ல வேலைய வுட்டுட்டு வந்தான். யாரு கண்ணு பட்டுச்சோ" என்றார். அண்ணா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சு திரும்பியிருந்தது, ஆனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பதுபோல் வந்தது.

"புள்ளைங்க முன்னாடி நிக்கிறேன்மா. மொகம் எதுவும் தெர்ல. ஃபார்மேட்டு மட்டும் தெரியுது. ஆரம்பம் அஞ்சு நிமிஷம், கேள்வி மூணு, கரும்பலக வேல... இப்ப எந்த நிமிஷத்துல கீறேன்னு தெர்ல. தப்பா ஆரம்பிச்சிட்டா திரும்ப எழுதணுமேன்னு பயம். அப்டியே நின்னுட்டேன்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

போயிருந்தார். கோலாரில் ஒரு டாக்டர், மனம் மிகவும் களைத்துப்போயிருக்கிறது, ஒரு மாதம் ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அண்ணாவின் அம்மா கல்லூரிக்கு எடுத்துப்போனபோது நானும் உடன் போனேன். முதல்வர் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். திருப்பித் தள்ளினார்.

"ஆம்பளப் பையனுக்கு இன்னாம்மா டென்ஷன்? இந்த மாதிரியெல்லாம் ஃபைல்ல போட்டா காலேஜுக்குத்தான் கெட்ட பேரு. டைஃபாய்டுன்னு எழுதி வாங்கிக்கினு வாங்க, பாக்கலாம்."

"அவனுக்கு டைஃபாய்டு இல்லியே சார்" என்றார் அந்தத் தாய், அப்பாவியாக.

"அப்ப அட்டெண்டன்ஸும் இல்ல."

நான் அழுதபோது பெண் என்பதால் அது கணக்கில் வரவில்லை. அவர் ஊமையாக நின்றபோது ஆண் என்பதால் அது கணக்கில் வரவில்லை. பிறகு யாருக்குத்தான் களைத்துப்போக அனுமதி என்று அந்த அறையிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். அன்று கேட்காமல் விட்டதுதான் அடுத்த மாதம் வேறு விதமாக வெளியே வந்தது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, வேறு ஊரிலிருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எங்கள் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் படிப்பினால் எவ்வளவு களைத்துப்போகிறார்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் வித்தியாசம் உண்டா என்று ஆராய்கிறாராம். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம். ஆண், பெண் என்று மேலே இரண்டு கட்டம். கீழே கேள்விகள், எதிரே 'எப்போதும்', 'சில நேரம்', 'ஒருபோதும் இல்லை' என்று பதில்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர் வகுப்புக்குள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் முதல்வர் வந்தார்.

"எல்லாத்துக்கும் 'ஒருபோதும் இல்லை' போடுங்க. நம்ம காலேஜ் மானம் உங்க கையில கீது. யாரும் சொந்தக் கதை எழுத வேணாம்."

சுற்றிலும் பேனாக்கள் மளமளவென்று கடைசிக் கட்டத்தில் இறங்குவதைக் கேட்டேன். நானும் முதல் இரண்டு கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்றே போட்டேன். மூன்றாவது கேள்வி, காலையில் எழும்போதே படிப்பை நினைத்துக் களைப்பாக இருக்கிறதா என்பது. கை நின்றது. மேலே போட்ட இரண்டையும் அடித்துவிட்டு முதலிலிருந்து உண்மையை எழுதினேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன், மார்ஜின் இல்லாமல். பதினோரு பக்கச் சிவப்புக் கோட்டைப் பற்றி எழுதினேன். நல்ல பாடத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பற்றி எழுதினேன். கடைசியில், 'இந்த வகுப்பில் ஒருவருடைய படிவம் உங்களுக்கு வராது. அவர் ஏன் வரவில்லை என்று முதல்வரைக் கேளுங்கள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். படிவத்தில் பெயர் எழுத வேண்டியதில்லை என்று இருந்தது. நான் எழுதினேன்.

படிவங்களை அந்தப் பெண் வாங்கவில்லை. அலுவலகத்தில்தான் வாங்கி, பார்த்து, கட்டிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. என் தாள் முதல்வர் மேசையில் இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு வெற்றுப் படிவம்.

"இதுல வேற எழுதிக் குடு."

"அதுலயும் இதையேதான் சார் எழுதுவேன்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்டர்னல் மதிப்பெண் யார் கையில் இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். இருபத்திரண்டு வயதில், நாளைக்கு ஒரு வகுப்பை நடத்தப் போகிறவளை, பள்ளிப் பிள்ளைபோல அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்.

அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான் சொன்னார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ திங்கட்கிழமை ரயிலை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். முதல்வர் என் தாளை அவரிடம் நீட்டி, உங்கள் மகள் எழுதியதைப் படியுங்கள் என்றார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நிதானமாகப் படித்தார். வெகுநேரம் ஆனது. படித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தார்.

"இதுல எது சார் பொய்?"

முதல்வர் நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"பொய்யின்னு நான் சொல்லலியே. எழுதற முறைன்னு ஒண்ணு கீது..."

"பொய் இல்லன்னா இன்னாத்துக்கு சார் என்ன கூப்ட்டீங்க? ஒரு ஷிஃப்ட்டு போச்சு" என்று அப்பா எழுந்துவிட்டார். வெளியே வந்து கேட்டருகே நின்று, "அந்தப் பையன் இப்ப எப்டி கீறான்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தாள் ஆராய்ச்சிக்குப் போகவில்லை. எனக்கு அது தெரிந்தபோது விடக் கூடாது என்று தோன்றியது. மீதிப் படிவங்களை வாங்கிக்கொள்ள அந்தப் பெண் மறுபடி வந்த நாளில் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போய் அவரைப் பிடித்தேன். நடந்ததை எல்லாம் கன்னடத்தில் கொட்டினேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கண் கீழே கருவளையம். கல்லூரி சீல் இல்லாத தாளைச் சேர்த்தால் தன்னுடைய ஆய்வு வழிகாட்டி ஆய்வு முழுவதையும் ஏற்காமல் தள்ளிவிடுவார் என்றார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவிட்டாராம். தனக்குச் சாப்பாடு செரித்தே மாதக்கணக்காகிறது என்று, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் தணிந்த குரலில் சொன்னார். களைப்பைப் பற்றி ஆராய வந்தவருக்கும் அதே நோய். எனக்கு அவர்மேல் வந்த கோபம் போக இடமில்லாமல் நின்றது. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அண்ணாவுக்கு வருகையில் சலுகை வேண்டும் என்று வகுப்பில் ஒரு கடிதம் எழுதினோம். முதலில் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கல்லூரியிலிருந்து வீடுகளுக்கு போன் போனதும் ஒன்பது பேர் வந்து தங்கள் பெயரை அடித்தார்கள். அவர்களில் ஒருத்தி எனக்கு நெருக்கமான தோழி, இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய். "நீ என்ன திட்டு, பரவால்ல. இன்னொரு வருஷம் இத என்னால தாங்க முடியாதுடி" என்றாள். நான் திட்டினேன். ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. இப்போது யோசித்தால் அவள் சொன்னதும் அந்தப் படிவத்தில் எழுத வேண்டிய பதில்தான். ஏழு கையெழுத்தோடு போன கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

என் இன்டர்னல் மதிப்பெண் குறைந்தது. எல்லாரும் எதிர்பார்த்ததுதான். தேர்ச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. அண்ணா அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து இன்டர்ன்ஷிப்பை முதலிலிருந்து செய்தார். ஒரு கோடு பிசகாமல் எழுதினார் என்றும், வகுப்பில் பிளானில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றும் ஜூனியர்கள் சொன்னார்கள். மேடம் அவரைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினாராம். அண்ணா சான்றிதழ் வாங்கினார். எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பம் போடவில்லை.

போன வருடம் பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். பெங்களூரில் ஒரு குடோனில் சரக்கு ஸ்கேன் செய்யும் வேலை என்றார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். பேச்சு சரளமாக வந்தது.

"நல்லா கீறேன்மா. போனோமா, வேலய முடிச்சோமா, வந்தோமா. யாரும் நோட்டு கேக்கமாட்டாங்க."

"ஞாயித்துக்கெழமையில தெருப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறீங்களாண்ணா?"

"இல்ல." ரயில் வருகிற திசையைப் பார்த்தார். "கேக்கறாங்க. இன்னும் முடியல. நீ எடுக்கறே இல்ல, அது போதும்."

அது போதாது. அந்த ஏழாம் வகுப்பில் அவர் எடுத்ததுபோல் ஒரு பாடத்தை நான் இதுவரை எடுத்ததில்லை. அப்படி எடுக்கத் தெரிந்த ஒருவரை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் தகுதியைத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இடம் வாயடைக்க வைத்து அனுப்பியது. யாருக்கும் அதற்காக ஒரு நாள் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

நான் இப்போது இங்கேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இந்த வருடம் எங்கள் பள்ளிக்கும் பயிற்சி மாணவிகள் வந்தார்கள். என் பொறுப்பில் விடப்பட்டவள் தொட்டால் உடைந்துவிடுகிறவள்போல் ஒல்லியான பெண். ஒரு வியாழக்கிழமை கண் சிவந்து வந்து நின்றாள்.

"மிஸ், நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும். ஒடம்பு ஒரு மாதிரி கீது."

"நாங்கல்லாம் இன்டர்ன்ஷிப்ல லீவே போட்டதில்ல தெரியுமா?"

என் வாய்தான் சொன்னது. விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் சரி மிஸ் என்று போய்விட்டாள். இரண்டு தாள் திருத்தியபிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. எழுந்து ஓடினேன். வராந்தா கோடியில், குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேன், இப்போதே வீட்டுக்குப் போ, நாளைக்கும் வராதே என்றேன். அவள் நம்பவில்லை. "பரவால்ல மிஸ், மேனேஜ் பண்ணிக்கிறேன்" என்று சிரிக்கப் பார்த்தாள். என்னைப் பார்த்துப் பயந்து சிரிக்கிறாள் என்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது. பையை நானே எடுத்துக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டு, அவளுடைய இரண்டு பீரியடையும் நான் எடுத்தேன். பதிவேட்டில், உடல்நலமில்லை, நான்தான் அனுப்பினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை அவளுடைய கல்லூரியிலிருந்து போன். ஆண் குரல். ஜுரம்கூட இல்லையாமே, எதற்கு அனுப்பினீர்கள் என்று விசாரித்தது.

"களைச்சுப் பூட்டா சார். அதனால அனுப்பினேன்."

"எல்லாருக்கும்தான் மேடம் களைப்பு. ஒரு நாள்தானே, சமாளிச்சிருக்கலாம்."

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஸ்டாஃப் ரூமில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்று என்ன என்று கேட்டார். போனை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அவருக்கும் ஒருமுறை முழுவதையும் சொன்னேன். அந்தப் பெண் திங்கட்கிழமை வந்தாள். தூங்கினேன் மிஸ், மூன்று நாளும் தூங்கினேன் என்றாள்.